கிளச்சு இல்லாத கார்

திண்டிவனத்து எண்ணெய் மில் முதலாளி அரங்கநாதனின் காரை ஓட்ட, இடது கால் திடமாக உள்ளவன் எவனும் லாயக்கில்லை என்று முடிவான அன்றைக்குத்தான் கொளஞ்சிக்கு வாழ்வு வந்தது. வாழ்வு என்றுதான் அவனும் நினைத்தான், ஊரும் நினைத்தது. அவன் பெண்டாட்டி காசியம்மாள் மட்டும் வேறு மாதிரி நினைத்தாள். அவளை யார் கேட்டார்கள்?

கார் புதுச்சேரியிலிருந்து வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டிய சமயம், ஒரு வெள்ளைக்கார வியாபாரி கப்பல் ஏறும் அவசரத்தில் வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போன அமெரிக்கக் கார். வெண்ணெய் நிறம். தெருவுக்குள் திரும்பினால் எதிரே ஒரு மாட்டுவண்டிகூட வர முடியாது, அவ்வளவு அகலம். அதில் கிளச்சு கிடையாது. கியர் மாற்றுகிற வேலையும் கிடையாது. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஒரு கம்பியை ஒரு தடவை இழுத்து விட்டால் மிச்சத்தை வண்டியே பார்த்துக்கொள்ளும். வலது காலால் ஆக்சிலேட்டரையும் பிரேக்கையும் மாற்றி மாற்றி மிதித்தால் போதும். அந்தப் பிரேக்கும் சாதாரண பிரேக் இல்லை. இரண்டு காலையும் சேர்த்து வைக்கலாம் போல அகலமான கட்டை.

வினை அந்தக் கட்டையில்தான் இருந்தது. மில் லாரியை ஓட்டிக்கொண்டிருந்த பச்சைமுத்துவை முதலில் உட்கார வைத்தார்கள். காலமெல்லாம் லாரி ஓட்டிய கால் சும்மா இருக்குமா? மேம்பாலமும் சிக்னலும் இல்லாத அந்தக் காலத்துத் திண்டிவனத்தில் வேகத்தைக் குறைக்க ஒரு எருமை போதும். எருமை வந்தது. பச்சைமுத்துவின் இடது கால் தன் பாட்டுக்குக் கிளம்பி, இல்லாத கிளச்சைத் தேடி ஓங்கி ஒரு மிதி மிதித்தது. மாட்டியது பிரேக். பின்சீட்டில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த அரங்கநாதன் முன்சீட்டின் முதுகில் போய் மோதினார். முன்பல் இரண்டு போயிற்று. எருமை ஒன்றும் ஆகாமல் போயிற்று.

அடுத்து ஒரு பஸ் டிரைவரை அழைத்து வந்தார்கள். அவன் மிதித்த மிதியில் அரங்கநாதனின் மனைவி கெங்கம்மாளுக்கு நெற்றி புடைத்தது. மூன்றாவதாக வந்தவன் இடது காலைக் கயிற்றால் சீட்டோடு கட்டிக்கொண்டு ஓட்டப் பார்த்தான், முடிச்சு அவிழ்ந்துவிட்டது. உண்மையைச் சொன்னால், இரண்டு நாள் பொறுமையாகப் பழக விட்டிருந்தால் மூன்று பேருமே அந்த வண்டியை ஜம்மென்று ஓட்டியிருப்பார்கள். ஆனால் பல் போன மனிதரிடம் போய்ப் பொறுமை என்று பேச யாருக்குத் தைரியம் இருந்தது?

அப்போதுதான் மில் முற்றத்தில் கோணி தைத்துக்கொண்டிருந்த கொளஞ்சி அவர் கண்ணில் பட்டான். சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் சூம்பிப்போன இடது கால். நடக்கும்போது அதைக் கையால் ஒரு உந்து உந்தித்தான் முன்னால் எடுத்து வைப்பான். அரங்கநாதன் அந்தக் காலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டேய், அந்தக் கால் தானா எந்திரிக்குமா?"

"எந்திரிக்காதுங்க மொதலாளி."

"எதையாச்சும் மிதிக்குமா?"

"எங்கீங்க... எறும்பைக்கூட மிதிக்காது."

"எந்திரிச்சு வாடா" என்றார் அரங்கநாதன். அப்படித்தான் கொளஞ்சி டிரைவரானான்.

காரைக் கொண்டுவந்து விட்ட புதுச்சேரி ஆள் ஒரு வாரம் தங்கிக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனான். மில்லுக்கு வரும் மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, காயப்போடுகிற களத்தில் வளைத்து வளைத்து ஓட்டினான் கொளஞ்சி. அவனுக்கு மறக்க வேண்டிய பழக்கம் ஒன்றுமே இல்லை. அதனால் சீக்கிரம் கை வந்தது. குவியலுக்கும் குவியலுக்கும் நடுவே, ஒரு காய் நசுங்காமல், ரிவர்ஸில்கூடப் போய் வந்தான்.

லைசென்ஸுக்கு விழுப்புரம் போக வேண்டியிருந்தது. வண்டிகளைச் சோதித்து லைசென்ஸ் கொடுக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் அங்கே முகாம் வரும் நாளில் பத்துப் பன்னிரண்டு வண்டிகள் வரிசையில் நிற்கும். இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர், ஆனால் இப்படி ஒரு வண்டியை அதுவரை பார்த்ததில்லை. ஏறி உட்கார்ந்ததும் குனிந்து பார்த்தார்.

"கிளச்சு எங்கய்யா?"

"கெடையாதுங்க."

"கியரு?"

"அதுவே போட்டுக்குங்க."

"அப்ப நீ எதுக்கு?"

கொளஞ்சி கம்பியை இழுத்தான். ஓட்டிக் காட்டினான். சந்தைக்கூட்டத்துக்குள் புகுந்து, கையை வெளியே நீட்டி ஒழுங்காகச் சைகை காட்டி, ஒரு கோழியைக்கூடக் கலைக்காமல் திரும்பி வந்தான். இன்ஸ்பெக்டர் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். இந்தக் காலோடு பொதுவான லைசென்ஸ் கொடுக்க முடியாது, ஆனால் குறிப்பிட்ட ஒரு வண்டியை ஓட்டிக் காட்டினால் அந்த வண்டிக்கு மட்டும் கொடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்றார். அப்படியே காரின் நம்பரை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

திரும்பி வரும்போது அரங்கநாதன் அதை அவனுக்கு விளக்கினார்.

"டேய் கொளஞ்சி, உன் லைசென்ஸ் என் வண்டி மேல எழுதியிருக்குது. இதைத் தவிர வேற எந்த வண்டியைத் தொட்டாலும் ஜெயிலு. தெரிஞ்சிக்கோ."

"சரிங்க மொதலாளி" என்றான் கொளஞ்சி. அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் அவர் தூக்குமேடை என்று சொல்லியிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பான்.

அந்தச் சந்தோஷத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சின்ன வயதிலிருந்து நொண்டி என்று கூப்பிடப்பட்டவன். தேர் இழுக்கப் போனால் ஓரமாக நில் என்பார்கள். அறுவடைக்குப் போனால் பாதிக் கூலி. காரில் ஏறிக் கதவைச் சாத்திவிட்டால் அந்தக் கால் இல்லவே இல்லை. ஒலக்கூர் பக்கம் புளியமர நிழலில் வண்டியை விட்டால் ரெண்டு கால் உள்ளவனெல்லாம் பின்னால் புழுதியில் நிற்பான். ஸ்டியரிங்கைப் பிடித்த கையில் ஒரு அதிர்வு ஏறும் பாருங்கள், அதற்காகவே கொளஞ்சி உயிரோடு இருந்தான் என்றால் அது மிகையில்லை. அவன் அந்த வண்டியை நேசித்தான். அதுதான் பிரச்சினையே.

எட்டு வருஷம் ஓடிற்று. மில் காம்பவுண்டுக்குள்ளேயே ஒரு ஓட்டு வீடு கொடுத்திருந்தார்கள். வேளை கெட்ட வேளையில் ஹாரன் சத்தம் கேட்கும், சோற்றில் வைத்த கையை உதறிவிட்டு ஓட வேண்டும். அமாவாசைக்குத் திருவக்கரைக் கோயிலுக்குப் போனால் அம்மாவும் ஐயாவும் தரிசனம் முடித்துச் சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டு வரும்வரை வெயிலில் வண்டிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். உள்ளே உட்காரக் கூடாது. கோபம் வந்தால் அரங்கநாதன் பின்னாலிருந்து குடைக்காம்பால் தோளில் தட்டுவார். தட்டுவார் என்று மரியாதைக்காகச் சொல்கிறேன். பொறுக்க முடியாமல் ஒருநாள் கொளஞ்சி, "மொதலாளி, நான் வேலையை உட்டு நின்னுக்கிறேங்க" என்று சொல்லிப் பார்த்தான்.

"நின்னுக்கோ" என்றார் அவர் உடனே. "எங்க போவ? பஸ் ஓட்டுவியா? லாரி ஓட்டுவியா? இந்த ஜில்லாவிலேயே என் வண்டி ஒண்ணுதான் உன் காலுக்கு ஆவும். போடா, போய் மறுபடி கோணி தை."

அதற்குப் பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

காசியம்மாளுக்கு இதெல்லாம் அறவே பிடிக்காது. மில்லில் மல்லாட்டை உடைக்கிறவள், கைக்கும் வாய்க்கும் ஒரே வேகம். ஒரு தடவை கொளஞ்சி விஷக்காய்ச்சலில் படுத்துவிட்டான். மூன்றாம் நாளே முதலாளி டாக்டரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். ஆரஞ்சுப் பழம் வேறு. கொளஞ்சிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"பாத்தியா காசி, எம்மாம் பெரிய மனுசன், நம்ம வாசல்ல வந்து நிக்கிறாரு" என்றான் அவர் போன பிறகு.

"உன்னையா பாக்க வந்தாரு? வண்டி நின்னு போச்சேன்னு பாக்க வந்தாரு" என்றாள் அவள். "இன்னாய்யா உனக்குக் கண்ணே தெரியாதா? அவரு வண்டியை நீ ஓட்டறியா, உன்னை அவரு ஓட்டறாரா?"

"சும்மா இரு. நன்றி கெட்டவளே."

நன்றி என்கிற சொல்லை அவன் அந்த எட்டு வருஷத்தில் எத்தனை தடவை சொன்னான் என்று எண்ணினால் ஒரு கோணி நிறையும். காசியம்மாள் பழத்தை உரித்துப் பிள்ளைக்குக் கொடுத்தாள்.

பிள்ளை என்றால் ஒரே பெண், தையல்நாயகி. எட்டாவது பாஸ் பண்ணியிருந்தாள். மில் காம்பவுண்டிலேயே அவ்வளவு படித்த முதல் பெண் பிள்ளை. ஒன்பதாவதில் சேர பள்ளிக்கூடத்தில் பேர் கொடுத்தாயிற்று. நீலப் பாவாடை தைத்தாயிற்று. திறக்க இன்னும் நாலு நாள் இருக்கும்போது கெங்கம்மாள் கூப்பிட்டு அனுப்பினாள்.

"விழுப்புரத்துல எங்க பொண்ணுக்குக் கைக்குழந்தை. பாத்துக்க ஆள் இல்லாம ரொம்ப பேஜாரா இருக்குதாம். உம்பொண்ணை அனுப்பு. சோறு துணி எல்லாம் அங்கியே."

"படிச்சிக்கினு இருக்குதுங்கம்மா..."

"படிச்சு இன்னா, கலெக்டராவா ஆவப்போறா? ஐயா சொல்லிட்டாரு. வெள்ளிக்கிழமை அவரு விழுப்புரம் போறாரு. நீயே வண்டியில இட்டுக்கினு போயி உட்டுடு."

கொளஞ்சி வாயைத் திறந்தான். "சரிங்கம்மா" என்பது மட்டும் வந்தது.

அன்றைக்குக் காசியம்மாள் அடுப்பு பற்ற வைக்கவில்லை. திட்டவும் இல்லை. அவள் திட்டாமல் இருந்ததுதான் கொளஞ்சிக்குப் பயமாக இருந்தது.

"முடியாதுன்னு சொல்லிடுய்யா" என்றாள் கடைசியில்.

"சொன்னா வீட்டை உட்டுத் தொரத்துவாரு. வண்டியை உட்டுத் தொரத்துவாரு. அப்பறம் நான் இன்னா ஓட்டறது?"

"வண்டி, வண்டி! பெத்த பொண்ணைவிடவா உனக்கு அந்த வண்டி?"

இல்லை என்று அவன் பட்டென்று சொல்லியிருக்க வேண்டும். அவன் சொல்லவில்லை. சொல்லவில்லையே என்று அவனுக்கே அருவருப்பாக இருந்தது. கோணி தைக்கிற இடத்தை நினைத்தான். மறுபடியும் அந்தத் தரையில் காலை நீட்டிக்கொண்டு, போகிறவர் வருகிறவர் தாண்டிப் போக உட்கார்ந்திருப்பதை நினைத்தான்.

தையல்நாயகி நீலப் பாவாடையை மடித்துத் தகரப்பெட்டியில் அடியில் வைத்தாள். போகிற இடத்தில் அதற்கு வேலை இல்லை என்று அவளுக்குத் தெரியும், இருந்தாலும் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் கிளம்பினார்கள். முன்சீட்டில் கொளஞ்சிக்குப் பக்கத்தில் மகள், அவள் மடியில் பெட்டி. பின்சீட்டில் அரங்கநாதன். அவர் இப்போதெல்லாம் ஜன்னலோரக் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் உட்காருவார். தங்கப் பல் கட்டியும் பயம் போகவில்லை. அந்தக் காரில் மகள் ஏறியது அதுதான் முதல் தடவை. எத்தனையோ நாள், ஒரு ரவுண்டு கூட்டிக்கொண்டு போப்பா என்று கெஞ்சியிருக்கிறாள். முதலாளி வண்டி கண்ணு, கூடாது என்று சொல்லிவிடுவான். இப்போது ஏற்றிக்கொண்டான். எதற்கு ஏற்றியிருக்கிறான் என்பதை நினைக்கும்போது ஸ்டியரிங் கையில் வழுக்கிற்று.

கூட்டேரிப்பட்டில் தேவநாதன் கையைக் காட்டிப் பின்சீட்டில் ஏறிக்கொண்டார். மல்லாட்டைக் கமிஷன் வியாபாரி. விழுப்புரம் மார்க்கெட்டுக்குப் போகிறவர்.

"சும்மா சொல்லக் கூடாதுங்க, மெத்தையில போற மாதிரி இருக்குது" என்று சீட்டைத் தடவினார் தேவநாதன். "எனக்குக் குடுத்துடுங்களேன். நல்ல வெலையா பாத்துப் போட்டுத் தர்றேன்."

"வாங்கிக்கினு போயி? யாரு ஓட்டறது?"

"எங்க லாரி டிரைவரு இருக்கானே."

"அவன் மிதிச்சா உன் பல்லும் போயிடும்" என்று சிரித்தார் அரங்கநாதன். "இந்தப் பையனைத் தவிர இதை ஓட்ட ஆள் கெடையாதுய்யா. இவன் போயிட்டான்னு வெச்சுக்கோ, வண்டியைக் கோழி அடைக்கத்தான் வெச்சுக்கணும்."

டிரைவர் எதிரில் பேசுகிறோம் என்கிற நினைப்பே அந்தக் காலத்து முதலாளிமார்களுக்குக் கிடையாது. சொத்துத் தகராறு, வைப்பாட்டி வீட்டுச் சங்கதி, எல்லாம் முன்சீட்டுக்குக் கேட்கத்தான் பேசுவார்கள். டிரைவருக்குக் கை உண்டு, கண் உண்டு, காது மட்டும் கிடையாது என்று நம்பிக்கை. கொளஞ்சியும் எட்டு வருஷமாக அந்த நம்பிக்கையைக் காப்பாற்றி வந்தவன்தான்.

"அப்ப அவன் போயிடாம பாத்துக்கோங்க" என்றார் தேவநாதன்.

"பாக்காமயா? போன வருசம் விழுப்புரத்துல ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா ஆஸ்பத்திரி வெச்சிருந்தாளே, அவகிட்ட இதே மாதிரி கிளச்சு இல்லாத வண்டி. யாரோ இவனைப் பத்திச் சொல்லி, ஆள் அனுப்பிக் கேட்டுட்டா. இவனுக்குக் காக்கா வலிப்பு, நான் பாவம் பாத்து வெச்சிருக்கேன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

"அடேயப்பா. அவன் லைசென்ஸு உங்க வண்டிக்கு மட்டும்தானே?"

"அது இன்னொரு தடவ அந்த வண்டியில டெஸ்டு குடுத்தா எழுதிக் குடுத்துடுவான்யா. இவனுக்கு அது தெரியாது. கடசீல அந்தம்மாவும் வண்டியை வித்துட்டு ஊருக்கே போயிட்டா. இருந்தாலும் நாளைக்கு எவனாச்சும் இதே மாதிரி வண்டி வாங்குவான். அதுக்குத்தான் பொண்ணை நம்ம மாப்பிள்ளை வூட்டுல உட்டு வெக்கிறேன். பொண்ணு நம்மகிட்ட இருந்தா அப்பன் எங்க போவான்?"

தேவநாதன் கனைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது போல. முன்சீட்டில் அந்தப் பெண் உட்கார்ந்திருப்பது அவர் கண்ணில் அப்போதுதான் பட்டதோ என்னவோ.

கொளஞ்சி ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தான். காக்கா வலிப்பு என்றதும் அவனுக்குக் கோபம் வந்தது. டெஸ்ட் என்றதும் ஏமாந்தது உறைத்தது. பெண் என்றதும் எல்லாம் நின்றுவிட்டது. எட்டு வருஷமாக அவன் இவரைக் கண்டு பயந்திருக்கிறான். இவர் அவனைக் கண்டு பயந்துகொண்டிருந்திருக்கிறார். ஆரஞ்சுப் பழம் அந்தப் பயம். காய்ச்சலில் வந்த டாக்டர் அந்தப் பயம். இதைக் காசியம்மாள் அன்றைக்கே சொன்னாள், அவளை நன்றி கெட்டவள் என்றான். தன்னைச் செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது அவனுக்கு.

பக்கத்தில் மகள் பெட்டியின் மேல் கையைக் கோத்து வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தாள். அவளும் கேட்டாள். கேட்டதற்கு அடையாளமாக அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. டிரைவர் மகள் அல்லவா, காது இல்லாமல் இருக்க அதற்குள் கற்றுக்கொண்டுவிட்டாள். அதைப் பார்த்ததும்தான் கொளஞ்சிக்குத் தாங்கவில்லை.

விக்கிரவாண்டிக்கு இன்னும் கொஞ்சம் தூரம் இருந்தது. வண்டியை மெதுவாக, பின்னால் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியாத அளவு மெதுவாக, ஓரத்தில் கொண்டுவந்து நிறுத்தினான்.

"இன்னாடா?" என்றார் அரங்கநாதன்.

"நான் எறங்கிக்கிறேங்க."

"ஒண்ணுக்கா? ஜல்தியா வா."

"இல்லீங்க. நின்னுக்கிறேன். நானும் பொண்ணும் வூட்டுக்குப் போறோம்."

கொஞ்ச நேரம் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் குடைக்காம்பு தோளில் இறங்கியது. கொளஞ்சி திரும்பி அதைப் பிடித்துக்கொண்டான். பிடித்ததில் அவனுக்கே ஆச்சரியம்.

"நன்றி கெட்ட நாயே! கோணி தைச்சவனைக் கொண்டாந்து மனுசனாக்குனேன்."

"ஆமாங்க."

"என் வண்டியை உட்டா நீ யாருடா? நொண்டிப் பய."

"ஆமாங்க. நான் இல்லன்னா நீங்க யாருங்க? நடுரோட்டுல நிக்கிறீங்க."

தேவநாதன் இதற்குள் கதவைத் திறந்துகொண்டு இறங்கி, பின்னால் வந்த ஒரு லாரிக்குக் கையைக் காட்டிக்கொண்டிருந்தார். வியாபாரி, எங்கே நிற்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும். லாரி அவரை ஏற்றிக்கொண்டு போயிற்று. அரங்கநாதன் தனியாக இருந்தார். ரோட்டை முன்னும் பின்னும் பார்த்தார். குரல் சட்டென்று இறங்கிவிட்டது.

"கொளஞ்சி, டேய். சரிடா. பொண்ணை உட வாணாம். இப்பியே வண்டியைத் திருப்பு, திண்டிவனத்துலயே உட்டுடு. படிக்கட்டும். சம்பளமும் ஏத்திக் குடுக்கிறேன். இன்னா சொல்ற?"

கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. பெண்ணும் உண்டு, வண்டியும் உண்டு. கொளஞ்சியின் கை ஸ்டியரிங்கை விட்டு வரவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது; அந்த அதிர்வு உள்ளங்கையில் ஏறிக்கொண்டிருந்தது. கம்பியை ஒரு இழுப்பு இழுத்தால் போதும். புளியமரமெல்லாம் பின்னால் ஓடும். அவன் திருப்பிவிடத்தான் நினைத்தான், பொய் சொல்வானேன்.

கண்ணாடியில் அரங்கநாதனின் முகம் தெரிந்தது. பயந்த முகம்தான். ஆனால் பயத்துக்குள்ளேயே கண்கள் எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தன. திண்டிவனம் போய்ச் சேருகிறவரைக்கும் அவர் எதையும் கொடுப்பார், தன் தங்கப் பல்லைக்கூடக் கழற்றிக் கொடுப்பார். போய்ச் சேர்ந்த மறுநாள் வேறு ஒரு கயிறு தேடுவார். தையல்நாயகி இல்லை என்றால் காசியம்மாள். அவளும் இல்லை என்றால் வீடு. கொளஞ்சி இந்தச் சீட்டில் உட்கார்ந்திருக்கிறவரை அவருக்குக் கயிறு கிடைத்துக்கொண்டே இருக்கும். அவனைக் கட்டியிருப்பது இந்தச் சீட்டும், இந்தச் சீட்டின் மேல் அவனுக்கு இருக்கிற ஆசையும்தான்.

எஞ்சினை நிறுத்தினான்.

"எறங்கு கண்ணு" என்றான் மகளிடம்.

சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டான். கதவைத் திறந்து, இடது காலைக் கையால் தூக்கி வெளியே வைத்து, மறு காலை ஊன்றி எழுந்தான். எட்டு வருஷமாக ஏறும்போது மறந்துபோகிற கால் இறங்கும்போது அவனுக்காகக் காத்திருந்தது. தையல்நாயகி பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு சுற்றி வந்து அவன் பக்கத்தில் நின்றாள்.

"நாசமாப் போவ! அந்த வூட்டுல ஒரு நாள் இருக்க முடியாது உங்களால! இந்த ஜில்லாவுல எவன் உனக்கு வேலை குடுக்கிறான்னு பாக்கறேன்!" என்று கத்தினார் அரங்கநாதன்.

அது வெறும் மிரட்டல் இல்லை என்பது கொளஞ்சிக்குத் தெரியும். அன்றைக்குச் சாயங்காலமே சட்டி பானை வெளியே வந்துவிடும். கிளச்சு இல்லாத கார் அந்தப் பக்கத்தில் இனி இன்னொன்று வரப்போவதும் இல்லை. அவன் இனி எந்த வண்டியையும் ஓட்டப்போவதில்லை. விக்கிரவாண்டி போனால் திண்டிவனம் பஸ் கிடைக்கும். நடக்க ஆரம்பித்தார்கள்.

பின்னால் ஹாரன் அடித்தது. அரங்கநாதன் முன்சீட்டுக்கு வந்துவிட்டார் போல. விட்டு விட்டு அடித்தார், பிறகு விடாமல் அடித்தார். ஹாரன் அடிக்க மட்டும் லைசென்ஸ் வேண்டியதில்லை. அந்தச் சத்தத்துக்கு ஓடி ஓடிப் பழகிய உடம்பு ஒவ்வொரு தடவையும் ஒரு திடுக்கு திடுக்கிட்டது. கொளஞ்சி திரும்பவில்லை. காலை உந்தி வைத்தான், மறுபடி உந்தி வைத்தான்.

ஒரு வளைவு தாண்டியதும் சத்தம் தேய்ந்தது. தையல்நாயகி அவன் முகத்தைப் பார்த்தாள். கண்ணீர் தாடையில் வழிந்து சொட்டிக்கொண்டிருந்தது. அவன் அதைத் துடைக்கக்கூட இல்லை.

"காலு ரொம்ப வலிக்குதாப்பா? ஒக்காந்துட்டுப் போலாமா?"

"காலு இல்ல கண்ணு" என்றான் கொளஞ்சி. "கைதான்."

அவளுக்கு என்ன புரிந்ததோ, பெட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையை அவன் கைக்குள் வைத்தாள். அவன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நடந்தான்.